ஏரிக்கரையிலும் வயலோரத்திலும் பறவைகளைப் பதிவு செய்தல்: சேலம் வட்டாரத்துக்கான வழிகாட்டி

சேலத்தில் பறவை பார்க்கத் தொடங்குகிறவர்கள் முதலில் கேட்பது, எந்த ஏரிக்குப் போனால் நிறையப் பறவைகளைப் பார்க்கலாம் என்பதுதான். அதற்கு ஆண்டு முழுவதும் பொருந்தும் விடை கிடையாது. ஐப்பசி மழையில் கரை தொட நிரம்பி நிற்கும்போது நீர்க்காகமும் முக்குளிப்பானும் தவிர வேறெதுவும் இல்லாததுபோல் தோன்றும் ஏரி, மாசியில் பாதி வற்றிச் சேறு வெளிப்பட்டதும் உள்ளான்களும் நாரைகளும் அரிவாள் மூக்கன்களும் கூடும் இடமாகிவிடுகிறது. ஆகவே நோட்டில் முதலில் எழுத வேண்டியவை, தண்ணீர் எந்த அளவில் நிற்கிறது, ஏரிக்குக் கீழுள்ள வயலில் என்ன பயிர் இருக்கிறது, அது எந்தப் பருவத்தில் இருக்கிறது என்பனவே. பறவையின் பெயர் அதற்கு அடுத்த வரியில் வந்தால் போதும். கீழே சொல்லப்படும் முறைகள் எல்லாம் இந்த ஒரு பழக்கத்தை ஒட்டியவை.

இடமும் காலமும்

வீட்டிலிருந்து அரைமணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய ஓர் ஏரியையும் அதன் பாசனத்திலுள்ள வயல்களையும் உங்களுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர் பெற்ற சரணாலயத்துக்கு ஆண்டுக்கு ஒருமுறை போய்வருவது மகிழ்ச்சிக்கு நல்லது. பதிவு என்று பார்த்தால் பக்கத்து ஏரிக்கு மாதம் இருமுறை, ஒரே வழியில், ஏறத்தாழ ஒரே நேரத்தில் போய்வருவதற்கு ஈடாகாது. நகரத்தில் இருப்பவர்களுக்குச் சேர்வராயன் மலையடிவாரத்திலுள்ள கன்னங்குறிச்சி மூக்கனேரி வசதியானது. அதைச் சீரமைத்தபோது தூர்வாரிய மண்ணைக் கொண்டே ஏரிக்குள் சிறு தீவுகள் அமைத்து மரங்கள் நட்டார்கள். கரையிலிருந்தபடியே அத்தீவுகளைப் பைனாகுலரால் துழாவினால் கிளைகளில் அமர்ந்திருக்கும் கொக்குகளையும் நீர்க்காகங்களையும் நிதானமாகப் பார்த்துப் பழகலாம்.

நகரத்துக்குத் தெற்கே, ஒரு காலத்தில் சேலத்துக்குக் குடிநீர் தந்த பனமரத்துப்பட்டி ஏரி இருக்கிறது. நெடுங்காலம் தண்ணீரின்றிச் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்த அந்தப் பரப்பு, ஏரி என்ற பெயரை மட்டும் வைத்துக்கொண்டு பறவைகளை எதிர்பார்க்கக் கூடாது என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வறண்ட ஆண்டில் அங்கே தேட வேண்டியவை கௌதாரி, வெண்புருவச் சின்னான், தவிட்டுக்குருவி போன்ற புதர்நிலப் பறவைகளே. மேற்கே மேட்டூர் நீர்த்தேக்கத்தின் கணக்கே வேறு. 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணையின் நீர்மட்டம் முழு அளவான 120 அடியிலிருந்து வெகுவாக இறங்கும் காலங்களில் பண்ணவாடிப் பக்கம் பழைய நந்தி சிலையும் தேவாலயக் கோபுரமும் நீரிலிருந்து வெளியே தெரியும். தண்ணீர் விலகிய வண்டல் நிலத்தில் உழவர்கள் பயிர் வைப்பார்கள். ஒரே இடத்தில் நீர்நிலைப் பறவைகளையும் வயல் பறவைகளையும் சேர்த்துப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது அந்த மாதங்களைத்தான். ஆற்று ஆலாக்கள் நீருக்கு மேலே ஏறி இறங்கிப் பறப்பதையும், சற்றுத் தள்ளி உழுத மண்ணில் நெட்டைக்காலிகள் ஓடுவதையும் அங்கே ஒரே காலையில் பார்க்கலாம்.

நாற்றமடிக்கும் குட்டைகளை ஒதுக்க வேண்டாம். திருமணிமுத்தாறு ஓரத்திலும், கழிவுநீர் தேங்கும் பள்ளங்களிலும், புழுக்களும் பூச்சி முட்டைகளும் மிகுந்திருப்பதால் பவளக்கால் உள்ளான்கள் பெருங்கூட்டமாக மேய்வதுண்டு. பறவை நிறைய இருக்கிறது என்பதால் தண்ணீர் சுத்தமாக இருக்கிறது என்று எழுதிவிடுவது மட்டும் தவறு.

காலத்தைப் பொறுத்தவரை, விடிந்தது முதல் எட்டரை மணி வரையிலான நேரமே சிறந்தது; பங்குனி, சித்திரையில் ஒன்பது மணிக்கே கானல் எழும்பித் தூரத்துப் பறவையின் உருவம் நெளியத் தொடங்கிவிடும். காலையில் ஏரியின் கிழக்குக் கரையில் நின்று மேற்கு நோக்கிப் பாருங்கள், மாலையில் மேற்குக் கரைக்குப் போங்கள். வெயில் முதுகில் விழும்படி நிற்காவிட்டால் எந்த விலையுள்ள கருவியிலும் பறவை கறுப்பாகவே தெரியும். வலசை வருவனவற்றில் உள்ளான்கள்தான் முதலில் வருகின்றன. ஆகஸ்ட் கடைசியிலிருந்தே கரையோரச் சேற்றைக் கவனிக்க வேண்டும். அவற்றை அடுத்து வாலாட்டிகளும் தகைவிலான்களும் வரும். வாத்துகள் பெரும்பாலும் நவம்பருக்குப் பிறகே. மார்ச், ஏப்ரலில் எல்லாம் திரும்பிப் போய்விடும். கடைசியாகப் பார்த்த தேதியையும் முதலில் பார்த்த தேதிக்குச் சமமாக மதித்துக் குறித்துவையுங்கள். பலரும் வருகையை மட்டும் கொண்டாடிவிட்டுப் புறப்பாட்டைக் கோட்டைவிட்டுவிடுகிறார்கள்.

கருவியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மில்லிமீட்டர் முகப்பு வில்லையுள்ள பைனாகுலர் போதுமானது. பத்து மடங்கு என்பது கேட்க நன்றாக இருந்தாலும் கை நடுக்கத்தையும் சேர்த்தே பெரிதாக்கும். கூடவே ஒரு சிறிய நோட்டு, பென்சில், தொப்பி, தண்ணீர். கண்ணைப் பறிக்கும் நிறத்தில் சட்டை வேண்டாம்.

ஏரியில் பார்க்கும் முறை

கரைக்கு ஏறியவுடன் நடக்கத் தொடங்காமல் பத்து நிமிடம் ஒரே இடத்தில் நில்லுங்கள். நீங்கள் வந்ததும் கோரைக்குள் ஒதுங்கிய தாழைக்கோழியும் கானாங்கோழியும் அதற்குள் திரும்பி வெளியே வந்துவிடும். பிறகு பார்வையைப் பகுதி பகுதியாக நகர்த்துங்கள்: முதலில் நடுநீர், அடுத்து ஆகாயத்தாமரையும் தாமரை இலைகளும் உள்ள பரப்பு, அடுத்து சம்பும் கோரையும், கடைசியாகச் சேற்று விளிம்பு. நடுநீரில் முக்குளிப்பான், நாமக்கோழி, வாத்து வகைகள். இலைப்பரப்பில் இலைக்கோழி. கோரை ஓரத்தில் நீலத் தாழைக்கோழி, செந்நாரை. மதகின் கல்மேலும் கலங்கலின் சுவரிலும் மீன்கொத்தி, வெண்புருவ வாலாட்டி. மடையான் மட்டும் இந்த வரிசைக்குக் கட்டுப்படாது. காலடியில் மண்கட்டிபோல் உட்கார்ந்திருந்துவிட்டு, நீங்கள் நெருங்கியதும் வெள்ளைச் சிறகை விரித்து எழும்போதுதான் அங்கே இருந்ததே தெரியும். இதனால் மடையானின் எண்ணிக்கை எப்போதும் உண்மையைவிடக் குறைவாகவே அமையும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

வெள்ளைக் கொக்குகள் நான்கையும் பிரித்தறியத் தெரிந்துகொள்வது முதல் பாடம். எல்லாவற்றையும் “கொக்கு” என்று ஒரே வரியில் எழுதிவைத்த பட்டியல் பின்னால் எதற்கும் உதவாது. சின்னக் கொக்கின் அலகு கறுப்பு, கால் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள். சேற்றிலிருந்து காலைத் தூக்கும் அந்த நொடியில் பாதத்தைப் பாருங்கள். உண்ணிக்கொக்குக்குக் குட்டையான, தடித்த மஞ்சள் அலகு. இனப்பெருக்க காலத்தில் தலையும் கழுத்தும் ஆரஞ்சு கலந்த மஞ்சளாகிவிடும். குழப்பம் வருவது நடுத்தரக் கொக்குக்கும் பெரிய கொக்குக்கும் இடையில்தான். தனியாக நிற்கும் பறவையின் உயரத்தை வைத்து முடிவு செய்ய முடியாது, அலகின் நிறமும் கைகொடுக்காது, ஏனெனில் இரண்டுக்குமே மஞ்சளாக இருக்கும் அலகு இனப்பெருக்க காலத்தில் கறுத்துவிடுகிறது. வாய்க்கோட்டைப் பாருங்கள். அலகு பிளக்கும் இடத்திலிருந்து முகத்தில் ஓடும் அந்த மெல்லிய கோடு கண்ணுக்குக் கீழேயே நின்றுவிட்டால் நடுத்தரக் கொக்கு. கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் பெரிய கொக்கு. பெரிய கொக்கின் நீண்ட கழுத்தில் முடிச்சு விழுந்தாற்போல் ஒரு மடிப்பும் தெரியும். கோடு தெரியாத தூரம் என்றால் வகை தெரியாத கொக்கு என்றே எழுதுங்கள், அதில் குறைவு ஒன்றுமில்லை.

அடுத்த சோதனை சேற்று விளிம்பில் தனித்தனியாக ஓடும் பழுப்பு நிறச் சிறு உள்ளான்கள். நம் பக்கத்து ஏரிகளிலும் குட்டைகளிலும் குளிர்காலத்தில் அடிக்கடி கண்ணில் படுபவை மூன்று. சாதாரண உள்ளான் ஓயாமல் பின்புறத்தை ஆட்டிக்கொண்டிருக்கும். அதன் மார்பின் பழுப்புக்கும் மடித்த சிறகின் முன்விளிம்புக்கும் நடுவே வயிற்று வெள்ளை ஓர் ஆப்புபோல் தோளை நோக்கி ஏறியிருக்கும். எழுந்தால் நீர்ப்பரப்பை ஒட்டி, சிறகை விறைப்பாக வைத்துப் படபடத்துச் சிறிது தூரம் போய் இறங்கும். பொறி உள்ளானுக்கு முதுகெல்லாம் வெளிர் புள்ளிகள், கண்ணுக்குப் பின்னாலும் நீளும் தெளிவான வெள்ளைப் புருவம், மஞ்சள் சாயலுள்ள கால்கள். நெல் வயலிலும் வெள்ளம் வடியும் வரப்போரத்திலும் சிறு கூட்டமாகச் சேரும். பச்சை உள்ளான் இன்னும் கருமை, பெரும்பாலும் தனிமை. வாய்க்காலின் வளைவிலும் கிணற்றோரப் பள்ளத்திலும் ஒதுங்கியிருந்து, எதிர்பாராத நேரத்தில் கூவியபடி உயர எழுந்து போய்விடும். அது பறக்கும்போது சிறகின் அடிப்பக்கம் கறுப்பாகவும் வால்மூலம் பளிச்சென்ற வெள்ளையாகவும் தெரியும். பொறி உள்ளானின் சிறகடி வெளிறியிருக்கும். சாதாரண உள்ளானுக்கு வால்மூலத்தில் வெள்ளையே கிடையாது. ஆக, உட்கார்ந்திருக்கும்போது சந்தேகமாக இருந்த பறவை, அதுவாகவே எழும்போது பெயரைச் சொல்லிவிடும். அதற்காகக் கல்லெறிந்தோ கைதட்டியோ எழுப்பிவிடக் கூடாது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்த பறவைக்கு மேய்ச்சல் நேரம்தான் சொத்து.

நீர்க்காகங்களில் சின்னது, கொண்டை, பெரியது என மூன்று உண்டு. நம் ஏரிகளில் மிகுதி சின்ன நீர்க்காகம். உடலை நீரில் மறைத்துக் கழுத்தை மட்டும் பாம்புபோல் நீட்டி நீந்துவது பாம்புத்தாரா. வாத்துகளில் புள்ளிமூக்கு வாத்து ஆண்டு முழுவதும் இங்கேயே இருப்பது, அலகின் மஞ்சள் நுனியே போதுமான அடையாளம். சீழ்க்கைச் சிறகி எழும்போது தன் பெயரை ஊதிச் சொல்லிவிடும். நீலச்சிறகி ஆணுக்கு வெண்மையான புருவப் பட்டை உண்டு என்று படித்துவிட்டுப் போகிறவர்கள் நவம்பரில் ஏமாறுவார்கள், வந்த புதிதில் ஆணும் பெண் போலவே பழுப்பாக இருக்கும். அப்போது பறக்கும்போது தெரியும் முன்சிறகின் நீலச்சாம்பல் நிறத்தைத்தான் பார்க்க வேண்டும்.

எண்ணுவதற்கு ஒரு வழி இருக்கிறது. முப்பது வரை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். அதற்கு மேற்பட்ட கூட்டமென்றால் பத்துப் பறவைகளை எண்ணி, அவை அடைத்துக்கொள்ளும் பரப்பைக் கண்ணில் பதியவைத்து, கூட்டம் முழுவதிலும் அப்படி எத்தனை பரப்பு இருக்கிறது என்று கணக்கிடுங்கள். “நூற்றுக்கணக்கில்” என்று எழுதுவதைவிட “ஏறத்தாழ 140” என்ற மதிப்பீடு பயனுள்ளது. முக்குளிப்பான் மூழ்கி வேறிடத்தில் எழுவதால் மூன்று முறை எண்ணி அதில் கூடுதலான எண்ணை எடுத்துக்கொள்ளலாம். கரையில் நடக்கும்போது முன்னால் பறந்து பறந்து உட்காரும் அதே ஆள்காட்டியை மூன்றாக எண்ணிவிடும் ஆபத்தும் உண்டு. அது போகும் திசையைக் குறித்துக்கொண்டு, பின்பக்கம் போனவற்றை மட்டும் சேர்க்க வேண்டும்.

ஏரி வெறிச்சோடிக் கிடந்தால் காரணத்தையும் விசாரித்து எழுதுங்கள். மீன் குத்தகை எடுத்திருப்பவர்கள் நீர்க்காகங்களை விரட்ட வெடி போடுவதுண்டு; அன்று காலையில் வலை இழுத்திருக்கலாம்; ஆடு மாடு இறங்கியிருக்கலாம். காவலுக்கு இருப்பவரிடம் கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடுவார். அந்த ஒரு வரி இல்லாவிட்டால், பறவைகள் இல்லாத அந்த நாளைப் பின்னால் படிப்பவர் தவறாகப் புரிந்துகொள்ள நேரிடும்.

வயல்களில்

ஏரிக்கரையிலிருந்து கீழே இறங்கியதும் பட்டியலைத் தனியாகத் தொடங்குங்கள். ஏரியையும் வயலையும் ஒரே பட்டியலில் கலந்தால் எந்தப் பறவை எதை நம்பி வந்தது என்பது பிறகு தெரியாது.

வயலில் பறவையைத் தீர்மானிப்பது அங்கே நடக்கும் வேலை. டிராக்டர் உழும்போது கலப்பைக்குப் பின்னால் உண்ணிக்கொக்கும் மைனாவும் புழுவுக்கு ஓடிவர, கரிச்சான்கள் மேலெழும் பூச்சியை அந்தரத்தில் பிடிக்கும். சேறு அடித்து நாற்று நடும் வாரத்தில் பொறி உள்ளான், மஞ்சள் வாலாட்டி, நத்தைகுத்தி நாரை. பயிர் உயர்ந்து மூடிக்கொண்ட பிறகு கண்ணுக்கு எதுவும் தெரியாது, அப்போது காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். கதிர்க்குருவியின் ஓசை வரும். கதிர் முற்றும்போது சில்லைகளும் தூக்கணாங்குருவிகளும் வருகின்றன. அறுவடையான கட்டாந்தரையில் வானம்பாடி, நெட்டைக்காலி, கொண்டலாத்தி. மாலையில் அதன்மேல் சிறகை உயர்த்திப் பிடித்துத் தாழ்வாக மிதந்து வரும் பூனைப்பருந்தைப் பனிக்காலத்தில் எதிர்பார்க்கலாம். சோளம் முற்றும் பருவத்தில் ரோசா நிறமும் கறுப்புமாகக் கூட்டம் கூட்டமாக இறங்கும் சோளப்பட்சியைப் பற்றி உழவர்கள் நம்மைவிடத் துல்லியமாகச் சொல்வார்கள், அவர்களுக்கு அது இழப்புக் கணக்கும்கூட. மயிலைப் பற்றியும் அப்படியே. எங்கும் இருக்கிறது என்பதற்காக மயிலை எண்ணாமல் விடுகிறவர்கள் உண்டு. உழவர் கவலைப்படும் பறவையின் எண்ணிக்கை யாரிடமும் இல்லாமல் போவது எவருக்கும் நல்லதல்ல.

நம் மாவட்டத்தில் நெல் மட்டும் வயலல்ல. மரவள்ளியும் நிலக்கடலையும் மஞ்சளும் கரும்பும், ஆத்தூர், வாழப்பாடிப் பக்கம் பாக்குத்தோப்பும் உண்டு. இளம் மரவள்ளிக் காட்டில் வரிசைகளுக்கு இடையே தரை வெறுமையாகக் கிடக்கும் நாட்களில், கௌதாரியும் சாம்பல்தலை வானம்பாடியும் ஓடித்திரிவதைப் பார்க்கலாம். இந்த வானம்பாடியின் ஆணைக் கண்டுபிடிக்க மேலே பார்க்க வேண்டும். சிறகை அடித்து உயரே ஏறி, சிறகை ஒடுக்கிக்கொண்டு விழுந்து, பாதியில் தன்னை நிறுத்தி மறுபடி ஏறி, மறுபடி விழுந்து, ஒவ்வொரு சரிவிலும் இழுவையான ஒரு சீழ்க்கையை விட்டபடி படிப்படியாக இறங்கும். புதர் வானம்பாடியோ வேலிமுள் உச்சியிலிருந்து சற்றே எழும்பி, காலைத் தொங்கவிட்டு மெதுவாக அதே இடத்துக்குத் திரும்பிவிடும். தரையில் நிற்கும்போது இரண்டும் மண்ணோடு மண்ணாகத்தான் தெரியும், பறப்பைப் பார்த்தவருக்குச் சந்தேகம் வராது.

மின்கம்பிகளையும் விடாமல் பாருங்கள். பனங்காடை, பஞ்சுருட்டான், கருந்தோள் பருந்து, தகைவிலான் ஆகியவை வரிசையாக அமர்வது அங்கேதான். பனங்காடை உட்கார்ந்திருக்கும்போது மங்கலான பழுப்பாகத் தெரிவதால், நீல நிறத்தை எதிர்பார்த்து வருகிறவர் அதைப் பார்த்தும் பார்க்காமல் போய்விடுவார். மழைக்காலத்தில் கிணற்றை எட்டிப் பார்க்கும் தென்னை ஓலையிலும் மரக்கிளையிலும் தூக்கணாங்குருவிக் கூடுகள் தொங்கும். முடிந்த கூடு, பாதியில் நிற்கும் கூடு என்று பிரித்து எண்ணலாம்.

அனுமதி கேட்காமல் தோட்டத்துக்குள் கால் வைக்கக் கூடாது. “அண்ணா, குருவி பாக்க வந்தோம்ங்க, வரப்பு மேலயே போயிட்டு வந்துடறோம்ங்க” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். “போங்க தம்பி, கிணத்து மேட்டுப் பக்கம் பாத்துப் போங்க” என்ற பதிலோடு, நேற்று மாலை ஆந்தை உட்கார்ந்திருந்த புளியமரம் எது என்பதும் சேர்ந்தே வரும். அந்தக் கிணற்று எச்சரிக்கையை இலேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சுற்றுச்சுவர் இல்லாத ஆழ்கிணறுகள் இங்கே ஏராளம், கண்ணில் பைனாகுலரை வைத்தபடி ஓர் அடிகூட நகரக் கூடாது. காட்டுப்பன்றிக்காக இழுத்திருக்கும் கம்பியைத் தொட வேண்டாம். பைனாகுலரை வீட்டுப்பக்கமோ, குளிக்கும் படித்துறைப்பக்கமோ திருப்பக் கூடாது என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை என்றாலும், ஊரில் மனக்கசப்பு வருவது பெரும்பாலும் அதனால்தான்.

கோடைக்காலத்தில் தரிசில் நடக்கும்போது ஆள்காட்டி தலைக்கு மேல் வட்டமிட்டு ஓயாமல் கத்தினால் முட்டையோ குஞ்சோ பக்கத்தில் இருக்கிறது என்று பொருள். முட்டை வெறுந்தரையில், கூழாங்கல் நிறத்தில் கிடக்கும். தேடிப் படமெடுக்க நினைப்பவரின் செருப்புத்தான் அதற்கு முதல் எமன். வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

மலைக்குப் போகும்போது

ஏற்காடு ஏரி படகுத்துறையாக இருப்பதால் நீர்ப்பறவைகளுக்காக மலையேற வேண்டியதில்லை. மலையின் பயன் வேறு: ஒரே காலையில் அடிவாரத்துக் காய்ந்த புதர்க்காட்டிலிருந்து காபித் தோட்டத்துக் குளிர்ச்சிக்குள் நுழைந்துவிட முடிகிறது, பறவைகளும் அதற்கேற்ப மாறுகின்றன. அடிவாரத்துக் குரும்பப்பட்டிப் பக்கம் வெண்புருவச் சின்னானும் செம்புழைச் சின்னானும் என்றால், மேலே எங்கு திரும்பினாலும் செம்மீசைச் சின்னான். ஆகையால் அடிவாரம், நடுமலை, மேல்பகுதி என்று மூன்று பட்டியலாகப் பிரித்து எழுதுங்கள். “ஏற்காடு” என்று ஒரே தலைப்பில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டால் சுமார் 1,500 மீட்டர் உயரத்துக்கு ஏறிய உழைப்பு வீண். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் எதிலும் வண்டியை நிறுத்திப் பறவை பார்க்க வேண்டாம்.

பாறையும் முள்ளுமாக இருக்கும் சரிவுகளில் மஞ்சள்தொண்டைச் சின்னான் வாழ்கிறது. தென்னிந்தியாவின் பாறைக்குன்றுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத, அழிவாய்ப்பு உள்ள இனமாக வகைப்படுத்தப்பட்ட பறவை. இதற்காகவே வெளியூரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், வருகிறவர்களில் சிலர் கைப்பேசியில் அதன் குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்கப் பார்க்கிறார்கள். தன் எல்லைக்குள் வேறொரு பறவை வந்துவிட்டது என்று நம்பி அது மேய்ச்சலையும் கூட்டையும் விட்டு அலைவதே அதன் விளைவு. பொறுமையாக உட்கார்ந்தால் தானாகவே வரும். வராவிட்டால் இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம். கூடு கண்ணில் பட்டால் இடத்தை எவருக்கும் அனுப்பக் கூடாது.

காபித் தோட்டங்களில், அனுமதி பெற்று, பனிக்காலத்தில் கொடிக்கால் வாலாட்டியைத் தேடுங்கள். சில்வர் ஓக் நிழலில் உதிர்ந்த இலைகளுக்கு நடுவே நடக்கும், மார்பில் இரண்டு கறுப்புப் பட்டைகள் இருக்கும். மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் அசைக்க, இது மட்டும் பின்னுடலோடு சேர்த்துப் பக்கவாட்டில் அசைக்கும். ஓடையோரக் கற்களில் இருப்பது நீண்ட வாலும் மஞ்சள் அடிவயிறும் கொண்ட கரும்சாம்பல் வாலாட்டி. 1930-களில் வெளியான, வெர்னே என்பவரின் பெயரால் அமைந்த ஆய்வின் பறவையியல் அறிக்கை கிழக்குத் தொடர்ச்சி மலைகளைப் பற்றியது. சேர்வராயன் மலையில் சேகரித்த பறவைகளும் அதில் இடம்பெற்றிருக்கின்றன. இடமும் தேதியும் சேர்ந்து இருப்பதால்தான் அந்தப் பதிவை இன்றைய நிலையோடு ஒப்பிட முடிகிறது.

எழுதி வைத்தல்

நோட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் மேலே வர வேண்டியவை: தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், நடந்த தூரம், உடன் வந்தவர் எத்தனை பேர், வானிலை, தண்ணீரின் அளவு, பயிர். தண்ணீரை அளக்கக் கருவி தேவையில்லை. மதகின் எத்தனையாவது படி நனைந்திருக்கிறது, கலங்கல் வழிகிறதா, சேற்று விளிம்பு எத்தனை அடி அகலம் என்று ஒரே அடையாளத்தை ஒவ்வொரு முறையும் பார்த்து எழுதினால் போதும். அதே இடத்திலிருந்து கைப்பேசியில் ஒரு படமும் எடுத்துவைத்தால் அடுத்த ஆண்டு ஒப்பிட உதவும்.

பறவைப் பட்டியல்களைத் திரட்டும் இ-பேர்ட் செயலியில் பதிவேற்றுகிறவர்கள், குறைந்தது பதினைந்து நிமிடம் பார்த்த பிறகு, அடையாளம் தெரிந்த எல்லா இனங்களையும் சேர்த்து முழுமையான பட்டியலாகக் கொடுக்க வேண்டும்; காகத்தையும் மைனாவையும் விட்டுவிட்டு அரிதானவற்றை மட்டும் போட்டால் அது முழுமையான பட்டியல் அல்ல. முழுமையான பட்டியலில் ஒரு பறவை இல்லை என்றால் அது தென்படவில்லை என்று எடுத்துக்கொள்ள முடிகிறது, அதுவே அதன் சிறப்பு. நான்கு மணி நேர நடையை ஒரே பட்டியலாக்குவதைவிட ஏரி, வயல், தோப்பு எனச் சிறு பட்டியல்களாகப் பிரிப்பது நல்லது. மெர்லின் செயலி ஓசையைக் கேட்டுப் பெயர் சொல்வதைக் குறிப்பாக மட்டும் கொள்ளுங்கள். கரிச்சான் வல்லூறைப்போலக் கத்தக்கூடியது. செயலி வல்லூறு என்று காட்டினாலும் கம்பியில் உட்கார்ந்திருப்பது இரட்டைவாலோடு கரிச்சானாக இருக்கலாம்.

அரிய பறவை என்று தோன்றினால் பெயரை முடிவு செய்வதற்கு முன் பார்த்ததை எழுதிவிடுங்கள்: சிட்டுக்குருவி, மைனா, காகம் ஆகியவற்றில் எதன் அளவுக்கு அருகில் இருந்தது, அலகின் நீளம் தலையின் நீளத்தோடு ஒப்பிட எவ்வளவு, கால் நிறம், பறக்கும்போது வெள்ளை எங்கே தெரிந்தது, என்ன செய்துகொண்டிருந்தது. புத்தகத்தைத் திறந்துவிட்டால் கண் பார்த்ததைப் படம் மாற்றிவிடும்.

தனியாகச் செய்யத் தயங்குகிறவர்கள் கூட்டாக நடக்கும் கணக்கெடுப்புகளில் சேரலாம். பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுவதும் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு, பிப்ரவரியில் நான்கு நாட்கள் உலகெங்கும் நடக்கும் கணக்கெடுப்பு, வனத்துறை ஆண்டுதோறும் ஒரே சமயத்தில் பல மாவட்டங்களில் நடத்தும் ஒருங்கிணைந்த கணக்கெடுப்பு ஆகியவை தொடக்கக்காரர்களையும் சேர்த்துக்கொள்பவை. பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் அந்த ஊர்க் குட்டையையே எண்ணலாம். நகரத்து ஏரிகளைவிட அத்தகைய குட்டைகளுக்குத்தான் பதிவுகள் குறைவு.

சித்திரை, வைகாசியில் ஏரி முழுவதும் வறண்டுவிடும் ஆண்டுகளிலும் வழக்கமான நாளில் அதே கரையில் அதே தூரம் நடந்து பட்டியலை எழுதுங்கள். தண்ணீர் என்ற இடத்தில் “இல்லை” என்று வரும். வெடித்த ஏரிமண்ணில் மஞ்சள்மூக்கு ஆள்காட்டி, வயல் நெட்டைக்காலி, உண்ணிக்கொக்கு, கரையின் பனைமரத்தில் பனங்காடை, கள்ளப்பருந்து, காகம் என்று பத்துப் பன்னிரண்டு இனங்களாவது பட்டியலில் சேரும். அடுத்த மழையில் முதல் தண்ணீர் எந்த வாரம் வந்தது, அதற்கு எத்தனை நாள் கழித்து முதல் முக்குளிப்பான் வந்தது என்று சொல்ல வேண்டுமானால், அதற்கு முந்தைய வெறுமையான பக்கங்கள் நோட்டில் இருக்க வேண்டும்.